கொட்டகைச் சுவரில் ஜினெட்டின் மிதவை

கிரின்டில் தீவைச் சுற்றியுள்ள தண்ணீரில் சிங்கிறால் பிடிக்கும் கூடு போட இரண்டே வழி. அந்தத் தீவில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே பிறந்த யாரையாவது கல்யாணம் செய்திருக்க வேண்டும். இது எங்கேயும் எழுதி வைத்த சட்டமில்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் கொடுத்த உரிமத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் படகை ஓட்டி வரலாம். ஆனால் துறைக்காரர்கள் ஏற்காத ஆள் போட்ட கூட்டுக்கு ஆயுசு குறைவு. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் கூட்டின் இடத்தைக் காட்டும் மிதவை மட்டும் கயிறு அறுந்து பாறையோரம் ஆடிக்கொண்டிருக்கும். கூடு அடியில் கிடக்கும், யாருக்கும் இல்லாமல்.

2013 பிப்ரவரியில் ஒரு நாள், படகுத்துறையில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்த வெஸ்லி பிங்கமிடம் ஜினெட் வெலெட் போய்ச் சொன்னாள்.

"இந்த வசந்தத்துல என் பேர்ல கூடு போடப் போறேன்."

வெஸ்லி மண்வாரியைச் சாய்த்து வைத்துவிட்டுச் சிரித்தான். "நீ எங்க பொறந்த?"

"லூயிஸ்டன்ல."

"அப்புறம் என்ன பேச்சு?"

"உன் அக்காவைக் கட்டியிருக்கேன். போன மாசம்."

சிரிப்பு நின்றது. துறையில் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று அவன் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"அது வேற" என்றான்.

"எது வேற?"

"நம்ம துறையில சொல்ற கல்யாணம் வேற, ஜினெட். உனக்கே தெரியும்." மண்வாரியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பாதிப் பனியை அப்படியே விட்டுவிட்டுத் தன் வண்டிக்குப் போய்விட்டான்.

ஜினெட் அந்த மீதிப் பனியைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்கு ஐம்பத்துநாலு வயது. இருபத்துநாலு வருஷமாக அந்தத் தண்ணீரில் வேலை செய்கிறாள். எந்தப் பாறைக்கு அடியில் எந்த மாதம் சிங்கிறால் ஒதுங்கும் என்று வெஸ்லியைவிட அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தத் தண்ணீரில் அவளுடையது என்று ஒரு கயிறு இருந்ததில்லை.

லூயிஸ்டனில் அவள் பிறந்தது காலணி ஆலைகளுக்குப் பின்னாலிருந்த தெருவில். வீட்டில் பிரெஞ்சு, தெருவில் ஆங்கிலம், ஞாயிற்றுக்கிழமை கன்னியாஸ்திரிகளின் கண்டிப்பு. பதினாறு வயதில் அவளும் ஆலைக்குப் போனாள். காலணியின் மேல்தோலைத் தைத்து அடுத்த மேஜைக்குத் தள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது தெருவில் பாதிப்பேர் தெற்கே போனார்கள். ஜினெட் ஒரு கோடைக்கு மட்டும் என்று கிழக்கே, கடற்கரைக்கு வந்தாள். கிரின்டில் துறையில் சிங்கிறால் எடை போட்டுப் பெட்டியில் அடுக்கும் வேலை கிடைத்தது.

அந்தக் கோடையில்தான் தெல்மா பிங்கமின் படகில் பின்பக்கம் வேலை பார்த்த ஆள், குடித்துவிட்டுப் படகிலிருந்து விழுந்து, அந்தக் கோபத்திலேயே வேலையை விட்டுப் போனான். தெல்மா துறையில் நின்றுகொண்டு சுற்றும்முற்றும் பார்த்தாள். எடை போட்டுக்கொண்டிருந்த ஜினெட்தான் கண்ணில் பட்டாள்.

"உனக்குக் கடல்ல வாந்தி வருமா?"

"தெரியாது. கடல்ல போனதே இல்ல."

"வந்தா காத்து போற பக்கமா எடு. என் மேல பட்டுதுன்னா கீழ தள்ளிடுவேன்."

தெல்மா தனக்குச் சொன்ன முதல் அன்பு வார்த்தை அதுதான் என்று ஜினெட் பிற்பாடு எல்லாரிடமும் சொல்வாள்.

கோடை முடிந்தது, அவள் திரும்பிப் போகவில்லை. நாறும் உப்பு மீனை இரை வைக்கும் பையில் அடைப்பது, ஏறி வந்த சிங்கிறாலை அளந்து பார்த்துச் சின்னதைத் திரும்பக் கடலில் விடுவது, பெரியதன் கொடுக்கில் ரப்பர் மாட்டுவது, கூட்டைத் திரும்பத் தள்ளுவது என்று எல்லாம் பழகிவிட்டது. தெல்மா வீட்டில் இரண்டு படுக்கையறை உண்டு. இரண்டாவதில் கயிற்றுச் சுருள்கள்தான் தூங்கின. இது தீவில் எல்லாருக்கும் தெரியும். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் இரண்டு பேரையும் சேர்த்தே எழுதினார்கள். சனிக்கிழமை பீன்ஸ் விருந்துக்கு இரண்டு பேரையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். அது என்ன உறவு என்று மட்டும் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஜினெட்டும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் அங்கே தங்குவதற்கு அவள் கட்டிய வாடகை.

அப்படியே போயிருக்கும். போன செப்டம்பரில் தெல்மா ஈரப் பலகையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள்.

ஜினெட்தான் படகைத் திருப்பி ஓட்டி வந்தாள். வெஸ்லியும் கூட வர, எதிர்க்கரையில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே தள்ளுவண்டி போன பிறகு, நர்ஸ் வெளியே வந்து இவர்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"நான் தம்பி" என்றான் வெஸ்லி. அவள் கண் ஜினெட் பக்கம் திரும்பியதும் அவனே முந்திக்கொண்டான். "இவங்க, எங்க அக்கா படகுல வேலை செய்யறவங்க."

"குடும்பத்து ஆளுங்க மட்டும் உள்ள வாங்க" என்றாள் நர்ஸ்.

வெஸ்லி உள்ளே போனான். ஜினெட் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில், இரை மீன் நாற்றம் வீசும் ரப்பர் காலணியோடு உட்கார்ந்திருந்தாள். அங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். "ஜினெட் எங்கடா?" என்று தெல்மா உள்ளிருந்து போட்ட சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டபிறகுதான் அவளை உள்ளே விட்டார்கள்.

தெல்மாவுக்கு எலும்பு கூடியது. கைத்தடியோடு நடக்கலாம், ஆடுகிற படகில் நிற்கவே முடியாது. உரிமம் வைத்திருப்பவர் படகில் இல்லாமல் அவருடைய கூட்டை இன்னொருவர் தொடக்கூடாது. வருஷக்கணக்காகக் காத்திருந்து ஜினெட்டும் தனக்கென்று ஓர் உரிமம் வாங்கியிருந்தாள். ஆனால் தெற்குப் பாறை பிங்கம் வீட்டு இடம், தீவிலேயே நல்ல இடம். யாரும் கூடு போடாமல் ஒரு வருஷம் கிடந்தால் பக்கத்து ஆள் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். பக்கத்து ஆள் வெஸ்லி.

"கவலைப்படாத தெல்மா, அந்த இடத்தை நான் பார்த்துக்கறேன்" என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டான்.

நவம்பரில் ஓட்டு வந்தது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்யலாமா என்று மாநிலம் முழுக்கக் கேட்டார்கள். மூன்று வருஷம் முன்னால் இதே கேள்விக்கு மெய்ன் மக்கள் வேண்டாம் என்றிருந்தார்கள். இந்த முறை சரி என்றார்கள். கிரின்டில் தீவில் மட்டும் எண்ணியபோது வேண்டாம் என்பதே ஜெயித்திருந்தது. ஓட்டுப் போட்டவர்களே கொஞ்சம் பேர். யார் எப்படிப் போட்டார்கள் என்று சாயங்காலத்துக்குள் தீவு கணக்குப் போட்டு முடித்துவிட்டது.

மறுநாள் சமையலறையில், தெல்மா பன்றிக்கறி போட்ட பீன்ஸைக் கிளறிக்கொண்டிருந்தபோது ஜினெட் கேட்டாள்.

"அப்ப பண்ணிக்கலாமா?"

"எதை?"

"கல்யாணத்தை."

"கடல்ல இடம் வேணும்னு நான் யாரையும் கட்டிக்க மாட்டேன்."

"டேரல் கட்டிக்கலையா?"

"அதான் சொல்றேன். அவன் கதை தெரியுமில்ல?"

டேரல் கதை எல்லாருக்கும் தெரியும். உள்நாட்டில் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவன். துறையில் மூத்தவரான எல்வுட்டின் மகளைக் கட்டிக்கொண்டு வந்தான். படகின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியாத ஆள், அடுத்த வசந்தத்திலேயே கூடு போட்டான். இரண்டு வருஷத்தில் எல்வுட்டின் மகள் அவனை விட்டுவிட்டுப் போர்ட்லண்டில் ஒரு பல் டாக்டரோடு குடித்தனம் போய்விட்டாள். டேரல் இன்னும் தீவில்தான் இருக்கிறான். அவன் கூடும் தண்ணீரில்தான் இருக்கிறது.

"ஊரு என்ன சொல்லுமோன்னு பயமா?" என்றாள் ஜினெட்.

"எனக்கா? அடியே, பதினாலு வயசுல எங்கப்பா படகுல ஏறினப்ப, பொண்ணு ஏறினா படகு முழுகிடும்னாங்க. முழுகுச்சா? நாம கட்டிக்கிட்டு எத்தனை வருஷமாச்சு! இப்பப் போய் எல்வுட்டுக்கும் வெஸ்லிக்கும் தாளைக் காட்டணுமாக்கும்."

"அவங்களுக்கு இல்ல தெல்மா. எனக்கு வேணும். ஆஸ்பத்திரில உன் தம்பி என்னை என்னன்னு சொன்னான், தெரியுமா உனக்கு?"

தெல்மாவுக்குத் தெரியாது. ஜினெட் அதுவரை சொல்லியிருக்கவில்லை. இப்போது சொன்னாள். தெல்மாவின் கரண்டி நின்றது.

"வெஸ்லியா சொன்னான்?"

"அவன் சொன்னான். நான் வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அதான் எனக்குத் தாங்கல. 'இல்லடா, நான் அவ பொண்டாட்டி'ன்னு சொல்லியிருந்தா, அந்த நர்ஸ் 'எங்க, காட்டு'ன்னு கேட்டிருப்பா. என்கிட்ட காட்ட என்ன இருந்துச்சு? இந்த ரப்பர் பூட்ஸா?"

பீன்ஸ் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. தெல்மா அடுப்பை அணைத்தாள்.

"மோதிரம் எல்லாம் போட மாட்டேன். கயிறு மாட்டிச்சுன்னா விரலே போயிடும்."

"யாரு கேட்டா மோதிரம்?"

"நீ இனிமே படகை விட்டு இறங்காத. நான் கரையில உக்காந்திருக்கேன், என் பேரைச் சொல்லிக்கிட்டு நீ போ. சரியா?"

ஜனவரியில் அதே சமையலறையில் கல்யாணம் நடந்தது. தபால் ஆபீசையும் ஊர் எழுத்தர் வேலையையும் ஒன்றாகப் பார்க்கிற கோரா, தபால் பையோடு வந்து, வாசகத்தை வாசித்து, "சரி, முத்தம் குடுத்துக்கோங்க, எனக்குப் படகு வர நேரமாச்சு" என்றாள். சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர்களில் ஒருவர் பள்ளி டீச்சர்; இன்னொருவன் டேரல்.

"நான் கை வெச்ச கல்யாணம் விளங்குமா? யோசிச்சுக்கோங்க" என்றான் அவன்.

"உன் கல்யாணத்துக்கு நான்தானே சாட்சி போட்டேன். பழிக்குப் பழி" என்றாள் தெல்மா.

வெஸ்லி வரவில்லை. அவன் மனைவி ஷார்லின் மட்டும் பின்வாசலில் புளூபெர்ரி வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றை வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டு, திறப்பதற்குள் போய்விட்டாள்.

அடுத்த மாதம்தான் ஜினெட் துறைக்குப் போய் வெஸ்லியிடம் பேசியதும், அவன் அது வேறு என்றதும். அந்தப் பதிலோடு அவள் வீட்டுக்கு வந்து வர்ண டப்பாவைத் திறந்தாள்.

கிரின்டிலில் கல்யாணமாகி வருகிறவர் கூடு போட வேண்டுமென்றால் யாரிடமும் போய் அனுமதி கேட்பதில்லை. தன் மிதவைக்குத் தன் நிறத்தை அடித்து, துறையோரம் இருக்கும் மீன் கொட்டகையின் வெளிச்சுவரில், தான் கல்யாணம் செய்துகொண்ட வீட்டாரின் மிதவைக்குப் பக்கத்தில் மாட்டிவிடுவார். வசந்தத்தில் கூடு இறக்குகிற நாள் வரை அது அங்கே தொங்கும். மறுப்பு இருக்கிறவன் பகலில், ஆட்கள் இருக்கும்போது வந்து, ஏன் என்று வாயால் சொல்லிவிட்டு, தன் கையால் அதைக் கழற்ற வேண்டும். இதுவரை யாரும் யாருடையதையும் கழற்றியதில்லை. டேரலுடையதைக்கூட. முகத்துக்கு நேரே பேசுவதென்றால் அந்தத் தீவுக்காரர்களுக்குப் பல் பிடுங்குவது மாதிரி.

பிங்கம் வீட்டு நிறம் மஞ்சளில் கறுப்பு வளையம். ஜினெட் அதே மஞ்சளை அடித்து, கறுப்புக்குக் கீழே தனக்கென்று ஓர் ஆரஞ்சு வளையம் சேர்த்தாள். மார்ச் தொடக்கத்தில், துறையில் ஆட்கள் இருக்கும்போதே போய், தெல்மாவின் மிதவைக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். எல்லாரும் அவரவர் கயிற்றையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை ஆணி மட்டும் இருந்தது.

ஜினெட் இன்னொன்றை மாட்டினாள். அதுவும் போனது. மூன்றாவதை மாட்டியபோது மிதவையோடு ஆணியும் போனது.

"போதும் வா" என்று தெல்மா சொல்வாள் என்று ஜினெட் எதிர்பார்த்தாள். தெல்மா சொன்னது: "ஆரஞ்சு தீர்ந்துபோச்சு. கோராகிட்ட சொல்லி வரவழைக்கறேன்."

நாலாவது மிதவையை ஆணியில் மாட்டாமல் சுவரைத் துளைத்து மரையாணி போட்டு மாட்டினாள் ஜினெட். பிறகு வீட்டுச் சமையலறை நாற்காலியைத் தூக்கி வந்து, அந்த மிதவைக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தாள். மடியில் நூல் உருண்டை. கூட்டின் வாய்க்கு வலை பின்னுகிற வேலை எப்படியும் குளிர்காலம் முழுக்க உண்டு. அதை அங்கேயே செய்தாள். விடிந்ததும் வருவாள், இருட்டினதும் மிதவையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவாள், மறுநாள் திரும்ப மாட்டுவாள். தெல்மா வண்டியை எதிரே நிறுத்தி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மட்டும் இறக்கி வைத்து உட்கார்ந்திருப்பாள்.

"என்ன ஜினெட், வெயில் காயறியா?" என்று ஒருவன் பனித்தூறலில் கேட்டுக்கொண்டு போனான்.

"மிதவைக்குக் காவல். நேத்து ஒரு திருடன் வந்தான், பார்த்தியா?"

அவன் நடையைக் கட்டினான்.

எல்வுட் வந்தார். எழுபது தாண்டியவர். துறையில் சண்டை வந்தால் தீர்த்து வைப்பவர். வேண்டாம் என்று ஓட்டுப் போட்டதை ஒளிக்காதவர். கோட்டுப் பையில் கைகளை விட்டபடி நின்றார்.

"ஏம்மா, இதெல்லாம் எதுக்கு?"

"மூணு மிதவை போயிடுச்சு, எல்வுட்."

"காத்துல விழுந்திருக்கும்."

"ஆணியைப் புடுங்கிட்டுப் போற காத்தை நீங்க பார்த்திருக்கீங்களா?"

எல்வுட் சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பழைய ஆணித் துளையை விரலால் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது.

"ராத்திரியிலயா எடுத்தான்?"

"பகல்ல வந்திருந்தா எனக்கு நாற்காலி எதுக்கு?"

"இது நல்லாயில்ல." அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "நான் உங்க கல்யாணத்துக்கு வேண்டாம்னுதான் ஓட்டுப் போட்டேன்."

"தெரியும். ஊருக்கே தெரியும்."

"தெரியணும். அதுக்குத்தான் சொல்லிட்டுப் போட்டேன்" என்றார். போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை வானம் வெளுத்திருந்தது. கூடு இறக்கும் நாள் நெருங்கியதால் ஆண்கள் எல்லாரும் துறையில் இருந்தார்கள். ஒருவன் படகுக்கு வர்ணம் அடித்தான், ஒருவன் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டிருந்தான். வெஸ்லி கூடுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். ஷார்லின் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கி வந்தாள். வண்டியில் மூன்று மிதவைகள். மஞ்சள், கறுப்பு, கீழே ஆரஞ்சு.

"வெஸ்லி!" என்று அங்கிருந்தே கூப்பிட்டாள். "நம்ம ஷெட்டுல தார்ப்பாய்க்கு அடியில இது கிடந்துச்சு. நம்ம கலர் இல்லையே. எப்படி வந்துச்சு?"

துறையில் சுத்தியல் சத்தம் நின்றது.

கிரின்டிலில் பிறந்த எவனுக்கும் நல்ல மிதவையைக் கடலில் எறிய மனசு வராது. கரை ஒதுங்கிய மிதவையைக்கூடப் பொறுக்கி வந்து, சுரண்டி, வேறு வர்ணம் அடித்துப் பயன்படுத்துவார்கள். வெஸ்லி எரித்திருக்கலாம், கல் கட்டி ஆழத்தில் போட்டிருக்கலாம். அவனோ பத்திரமாக மூடி வைத்திருந்தான்.

"எங்கப்பா புள்ளைடா நீ!" என்று வண்டி ஜன்னலிலிருந்து தெல்மா கத்தினாள். "திருடினதையும் நனையாம வெச்சிருக்க!"

யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். வெஸ்லி காது வரை சிவந்து நின்றான்.

எல்வுட் முன்னால் வந்தார். "எடுக்கணும்னா எடு, வெஸ்லி. அது உன் உரிமை. இப்ப எல்லாரும் இருக்கோம். ஏன்னு சொல்லிட்டு எடு."

வெஸ்லி கொட்டகைக்கு வந்தான். ஜினெட் நாற்காலியில்தான் இருந்தாள், பின்னுவதை நிறுத்தவில்லை.

"அவ வெளியூர்க்காரி" என்றான்.

"நானும்தான்" என்று டேரல் கையைத் தூக்கினான்.

"நீ சும்மா இரு!"

"நானும்தான்" என்றாள் ஷார்லின். "நானும் எதிர்க்கரையிலேர்ந்து வந்தவதான். சனிக்கிழமை உன்னைக் கட்டினேன். ஞாயித்துக்கிழமை எல்லாரும் என்னை இந்த ஊர்க்காரின்னாங்க. ஒருத்தரும் என்னை ஒண்ணும் கேக்கலையே?"

"அந்த இடம் எங்கப்பாவோடது!" வெஸ்லியின் குரல் உடைந்தது. "தெல்மா விட்டா அது எனக்கு வரணும்."

தெல்மா கைத்தடியை ஊன்றி வண்டியிலிருந்து இறங்கினாள். "ஆங், அப்படிச் சொல்லு. உனக்கு என் கல்யாணத்து மேல ஒரு வருத்தமும் இல்ல, பாறை மேலதான் கண்ணு."

அவன் அக்காவைப் பார்த்தான். எல்லாரும் அவன் அதோடு போய்விடுவான் என்றுதான் நினைத்தார்கள்.

"ரெண்டும்தான், தெல்மா" என்றான் மெதுவாக. "பொய் சொல்ல மாட்டேன். பாறையும் வேணும்தான். ஆனா இவ உனக்குப் பொண்டாட்டின்னு என்னால ஒத்துக்க முடியல. அவ்வளவுதான்." ஜினெட்டின் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, மரையாணியைத் திருகி, மிதவையைக் கழற்றினான்.

இதுவரை நடக்காதது நடந்துவிட்டது. அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் கழற்றினால் போதுமா, பாதிப்பேர் சொல்ல வேண்டுமா என்று முணுமுணுப்பு எழுந்தது. வழக்கத்தில் அதற்கு விடை இல்லை.

ஜினெட் நூலைச் சுருட்டி நாற்காலியில் வைத்தாள். எழுந்தாள்.

"முடிஞ்சுதா? ஆஸ்பத்திரில சொன்னதுக்கு இது எவ்வளவோ மேல், வெஸ்லி. இதை என் முகத்தைப் பார்த்துச் சொன்ன." அவன் கையிலிருந்து மிதவையை வாங்கினாள். திரும்பிச் சுவரில் வைத்து மரையாணியைத் திருகினாள். அவன் பார்த்துக்கொண்டிருக்க, இறுக்கமாக.

"நீ ஒத்துக்காத. கடைசி வரைக்கும் ஒத்துக்காத. நான் உன்னைக் கேட்டு மாட்டல. கட்டிக்கிட்டேன்னு சொல்லத்தான் மாட்டினேன். நீ எடுத்தா நான் மாட்டுவேன். திரும்ப எடுத்தா திரும்ப மாட்டுவேன். எனக்கு வேற வேலையில்ல, ஆரஞ்சு பெயிண்டும் வந்தாச்சு."

வெஸ்லியின் கை பாதிவரை உயர்ந்தது. பிறகு பைக்குள் போனது. அவன் போய்க் கூடுகளை அடுக்கத் தொடங்கினான். எல்வுட் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஷார்லின் மற்ற மூன்று மிதவைகளையும் நாற்காலிக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடேறினாள். முடிவு என்று ஒன்று துறையில் எடுக்கப்படவில்லை. தண்ணீரில்தான் தெரியும், கயிறு அறுக்கக் கத்தி எல்லார் படகிலும் இருந்தது.

ஏப்ரல் கடைசியில் கூடு இறக்கும் நாள் வந்தது. ஜினெட் தனியாகப் போனாள். டேரல் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றாள். படகின் பின்பக்கம் முழுக்கக் கூடு. இருபத்துநாலு வருஷம் அவள் நின்ற இடம் அது. இன்றைக்கு அங்கே யாரும் இல்லை. அவள் சக்கரத்தைப் பிடித்து நின்றாள்.

தெற்குப் பாறையில் வெஸ்லியின் படகு முன்பே வந்திருந்தது; சற்றுத் தள்ளி எல்வுட்டின் படகும் நின்றது. பாறையின் பாதியை வளைத்து அவன் மிதவைகள் ஆடின. ஜினெட் வேகத்தைக் குறைத்து, அவற்றின் நடுவாகவே நுழைந்து, முதல் கூட்டைத் தள்ளினாள். கயிறு சரசரவென்று ஓடி, மிதவை துள்ளி விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது.

ரேடியோவில் வெஸ்லியின் குரல். "தெற்குப் பாறையில யாரோ என் கூட்டுக்குள்ள வர்றாங்க."

எல்லாப் படகிலும் கேட்கும்; எல்லா வீட்டுச் சமையலறையிலும் கேட்கும். ஜினெட் நாலாவது கூட்டுக்கு இரை கட்டினாள். பதில் வரும் வரை நிற்பதில்லை என்று முடிவு செய்து அதையும் தள்ளினாள்.

ரேடியோ கரகரத்தது. எல்வுட்.

"ஜினெட்! உன் மூணாவது கூடு என் கயித்து மேல விழுந்திருக்கு. கண்ணை எங்க வெச்சுக்கிட்டுப் போடற? தெல்மா இப்படியா சொல்லிக் குடுத்தா?"

ஜினெட் அப்படியே நின்றாள். இத்தனை வருஷத்தில் அந்தத் துறையில் ஒருவர்கூட அவளைத் திட்டியதில்லை. அவள் எங்கே தப்புச் செய்தாலும் திட்டு தெல்மாவுக்குத்தான் போகும். வேண்டாத ஆளை அங்கே யாரும் திட்டுவதுமில்லை. பேசாமல் கயிற்றை அறுத்துவிடுவார்கள்.

அவள் ஒலிவாங்கியை எடுத்தாள்.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு, எல்வுட். உங்க கயிறுதான் எங்க வீட்டு இடத்துல கிடக்கு. தள்ளிப் போடுங்க."

"அரை படகு நீளம்தான் தள்ளுவேன்" என்றார் எல்வுட். "அதுக்கு மேல கேக்காத."

"ஒரு படகு நீளம்."

"உன் பொண்டாட்டிக்கும் இதே வாய்தான்" என்று ரேடியோ முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு அவர் அணைத்துவிட்டார்.

வெஸ்லி தன் படகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். கையசைக்கவில்லை. ஜினெட்டும் அசைக்கவில்லை. அவன் மிதவைக்கு ஒரு கை தூரத்தில் ஐந்தாவது கூட்டைத் தள்ளினாள்.